ஏல் காய்ச்சிய பெண்கள் எங்கே போனார்கள்?

பீர் காய்ச்சுபவரைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று 'ப்ரூவர்' என்ற சொல்தான் புழங்குகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு சொல்லும் இருந்தது: 'ப்ரூஸ்டர்'. அதன் கடைசியில் வரும் 'ஸ்டர்' முதலில் பெண்பால் விகுதி. நம்முடைய 'ஆய்ச்சி', 'குறத்தி' போல. ரொட்டி சுட்டவள் 'பாக்ஸ்டர்', நெசவு நெய்தவள் 'வெப்ஸ்டர்', நூல் நூற்றவள் 'ஸ்பின்ஸ்டர்'. முதல் இரண்டும் ப்ரூஸ்டரைப் போலவே பிற்காலத்தில் வெறும் குடும்பப் பெயர்களாகிவிட்டன. ஸ்பின்ஸ்டரோ கல்யாணமாகாத பெண்ணைக் கேலி செய்யும் சொல்லாகிவிட்டது. ஒரு காலத்தில் இத்தனை தொழில்களில் பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு இச்சொற்களே சாட்சி. அவர்கள் அங்கிருந்து எப்படி அகற்றப்பட்டார்கள் என்பதைச் சொற்களிடம் கேட்டுப் பயனில்லை, ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டும்.

நான் தென் லண்டனில் வசிக்கிறேன். தேம்ஸ் நதிக்குத் தெற்கே உள்ள சதக், பெர்மண்ட்ஸி ஆகிய பகுதிகள் பல நூற்றாண்டுகளாக பீருக்குப் பேர்போனவை. பெர்மண்ட்ஸி வழியாக ஒரு பழைய ரயில் பாலம் போகிறது. 1836இல் திறக்கப்பட்ட இந்த லண்டன்–கிரீனிச் பாதை 878 செங்கல் வளைவுகளின் மேல் நிற்கிறது. அந்த வளைவுகளுக்கு அடியில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் சிறு சிறு பீர் கூடங்கள் முளைத்திருக்கின்றன. பின்பக்கம் காய்ச்சி, முன்பக்கம் ஊற்றித் தருவார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு 'டேப்ரூம்' என்று பெயர்; இங்கே கிடைப்பது 'கிராஃப்ட் பீர்', அதாவது பெரிய ஆலைகளின் சரக்காக இல்லாமல் சிறிய அளவில் காய்ச்சியது. வரலாறு படிக்கும் தோழி ஒருத்தியோடு ஒரு சனிக்கிழமை மதியம் அப்படி ஒரு கூடத்துக்குப் போயிருந்தேன். தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்குப் பழக்கமான ஒரு வாசனை வந்தது. கூழ் புளிக்கும் வாசனை.

சுவை பார்க்க வருகிறவர்களுக்கு மூன்றில் ஒரு பைண்ட் அளவுள்ள, ஏறக்குறைய 190 மில்லி பிடிக்கும், சின்னக் கண்ணாடி டம்ளர்களில் தருகிறார்கள். நாங்கள் நான்கு வகை கேட்டோம். முதலாவது 'டேபிள் பீர்'. மூன்று சதவீத ஆல்கஹால்தான், நீர்த்த பார்லிக் கஞ்சியில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிப் போட்டது போல இருந்தது. இரண்டாவது 'இந்தியா பேல் ஏல்'. மூக்குக்கு மாம்பழ மணம், நாக்குக்குச் சுண்டைக்காய்க் கசப்பு. மூன்றாவது 'போர்ட்டர்' என்ற கறுப்பு பீர். வறுத்த காப்பிக்கொட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த சுவை அதற்கு. நான்காவது புளிப்பு பீர். ஒரு வாய் குடித்ததும் ஊரில் விடிகாலையில் குடிக்கும் நீராகாரம்தான் நினைவுக்கு வந்தது.

ஊற்றித் தந்த பெண்ணிடம் இவற்றைக் காய்ச்சியது யார் என்று கேட்டேன். "நான்தான்" என்றார். இந்தக் கேள்வியைத் தன்னிடம் நேரடியாகக் கேட்பவர்கள் குறைவு என்றும், பெரும்பாலானோர் பின்னால் குழாய் கழுவிக்கொண்டிருக்கும் ஆண் உதவியாளரைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. ஆனால் வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அது பெரிய விஷயம்தான். அறுநூற்றைம்பது, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இதே நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. காய்ச்சியது பெண் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வேலையின் தன்மையே அப்படி. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்த வேண்டும், அதுதான் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து இனிப்பாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து மூடிவைத்தால் இரண்டொரு நாளில் நுரைத்துப் பொங்கும். இதுதான் 'ஏல்'. ராகியை முளைகட்டி மாவாக்குகிற, இட்லி மாவைப் புளிக்கவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புதிதாக இருக்காது. கஞ்சி காய்ச்சும் பானையும் அகப்பையும் போதும். ஆனால் அன்றைய ஏல் நீண்ட நாள் தாங்காது. சில நாட்களிலேயே புளித்துவிடும். தொலைவுக்கு அனுப்பவும் முடியாது. அதனால் ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருத்தி காய்ச்சிக்கொண்டே இருந்தாள். தன் வீட்டுக்குப் போக மிச்சத்தை அண்டை வீடுகளுக்கு விற்றாள். விற்பனைக்குத் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கம்பை நட்டாள். பட்டினப்பாலையில் கள் விற்கும் இடத்துக்கு மேல் கொடி பறக்கிறதல்லவா, அது போல.

இந்தப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியவந்த விதம் வேடிக்கையானது. 13ஆம் நூற்றாண்டு முதல் ஏலின் விலையையும் தரத்தையும் சட்டம் கட்டுப்படுத்தியது. ஊருக்கு ஊர் 'ஏல் சுவைப்பவர்' என்ற அதிகாரி இருந்தார். அந்தப் பதவி ஏறக்குறைய எப்போதும் ஆண்களுக்குத்தான். அளவு குறைந்தாலும் விலை கூடினாலும் அபராதம். நாளடைவில் காய்ச்சி விற்ற எல்லோரிடமும் அபராதம் வாங்குவதே வழக்கமாகி, அது ஒரு வகை உரிமக் கட்டணம் போல ஆகிவிட்டது. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் இந்த அபராதப் பட்டியல்களை ஊர் ஊராகப் படித்து, 1300 முதல் 1600 வரை இங்கிலாந்தில் ஏல், பீர் காய்ச்சிய பெண்களைப் பற்றி 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். கல்விக்கூடத்தின் ஏடுகளிலோ கோயில் கல்வெட்டிலோ இடம்பெறாத ஏழைப் பெண்கள், தண்டம் கட்டியதால் வரலாற்றில் இடம்பெற்றார்கள். 1348இல் வந்த பெரும் கொள்ளைநோய்க்கு முன்பு இது பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்த தொழில் என்பதை அந்தப் பட்டியல்கள்தான் காட்டுகின்றன. 1600 வாக்கில் இது ஆண்களின் தொழிலாகிவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் நடந்த மாற்றத்துக்குப் பலர் தரும் விடை ஒரே சொல்: ஹாப்ஸ். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் காய்க்கும் பச்சை நிறப் பூங்கொத்து. கசப்பானது. பானம் கெடாமல் காக்கும் குணம் அதற்கு உண்டு. அந்தக் குணத்தை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் ஜெர்மன் கன்னிமடத் தலைவி ஹில்டகார்ட் என்ற பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சியதைத்தான் இங்கிலாந்தில் 'பீர்' என்றார்கள், போடாதது ஏல். 1400ஐ ஒட்டி நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் லண்டனிலும் சதக்கிலும் பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஒரு மரக்கால் மால்ட்டில் எவ்வளவு ஏல் கிடைக்குமோ, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பீர் எடுக்கலாம் என்று ஹாப்ஸ் பயிரிடுவது பற்றி 1574இல் நூல் எழுதிய ரெஜினால்ட் ஸ்காட் கணக்குச் சொல்கிறார். கெடாது, தொலைவுக்குப் போகும், படைகளுக்கும் கப்பல்களுக்கும் மொத்தமாக விற்கலாம்.

ஆனால் ஹாப்ஸ் யாரையும் வெளியே தள்ளவில்லை. அது ஒரு பூ. பெண்கள் கையாலும் அதைப் பானையில் போட்டிருக்க முடியும். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது மூன்று: முதல், கடன், கூட்டாளிகள். பெரிய செம்புக் கொப்பரையும் பீப்பாய்களும் கிடங்கும் வேண்டுமென்றால் பணம் வேண்டும். மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுடையது. தன் பேரில் ஒப்பந்தம் போடவோ வழக்காடவோ பொதுவாக அவளால் முடியாது. இந்த நிலை 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை நீடித்தது. லண்டன் ஏல் காய்ச்சுவோர் சங்கத்தில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். சந்தா கட்டினார்கள், சங்கத்தின் பொறுப்புகளில் அவர்களுக்கு இடமில்லை. தொழில் வளர வளர, அரசோடு பேசும் இடமாகச் சங்கம் மாறியபோது, அந்தப் பேச்சில் பெண் குரல் இல்லை.

ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே இந்தக் காலத்தின் ஒரு துளி நமக்குக் கிடைத்திருக்கிறது. நார்ஃபோக் கடலோர ஊரான லின்னில் வாழ்ந்த மார்ஜரி கெம்ப், எழுதத் தெரியாததால் தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தார். ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று கருதப்படும் அதன் கையெழுத்துப் படி 1934இல்தான் கண்டெடுக்கப்பட்டது. மூன்று நான்கு ஆண்டுகள் ஊரிலேயே பெரிய ஏல் வியாபாரிகளில் ஒருவராக இருந்ததாக அவர் சொல்கிறார். பிறகு, பொங்கி நின்ற நுரை திடீர் திடீரென அமுங்கிப்போய், காய்ச்சியதெல்லாம் வீணாகி, வேலையாட்களும் விலகிப் போனார்கள். பதினான்கு பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தாய், இந்த நஷ்டத்தைத் தன் கர்வத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டார். தொழிலில் ஓர் ஆண் நொடித்துப்போனால் அது நஷ்டம், பெண் நொடித்துப்போனால் பாவம். இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவரைச் சுற்றிலும் இருந்தார்கள்.

சட்டத்தோடு கேலியும் சேர்ந்துகொண்டது. லட்லோ ஊர்த் தேவாலயத்தின் மர இருக்கை ஒன்றில், அளவில் ஏமாற்றிய ஏல்காரியைப் பேய் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகும் சிற்பம் இருக்கிறது. செஸ்டர் நகரின் மத நாடகத்தில், கிறிஸ்து நரகத்திலிருந்து எல்லோரையும் மீட்டுச் சென்ற பிறகும் ஓர் ஏல்காரி மட்டும் அங்கேயே நிற்கிறாள். ஜான் ஸ்கெல்டன் என்ற அரசவைக் கவிஞர், எலினோர் ரம்மிங் என்ற ஏல்காரியை மூக்கு ஒழுகும் அருவருப்பான கிழவியாக்கி ஒரு நீண்ட பாட்டே எழுதினார். ஆண்களும் அளவில் ஏமாற்றினார்கள், ஆனால் ஏமாற்றுக்காரரின் முகம் பெண் முகமாகவே செதுக்கப்பட்டது. 1540இல் செஸ்டர் நகராட்சி 14 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட எந்தப் பெண்ணும் ஏல் கடை நடத்தக் கூடாது என்று ஆணையிட்டது. காரணம் ஒழுக்கம். உழைக்கத் தெம்புள்ள வயது முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டது.

இங்கே ஒரு கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூனியக்காரியின் கூம்புத் தொப்பி, கொப்பரை, பூனை, துடைப்பம் எல்லாம் ஏல்காரிகளிடமிருந்து வந்தவை என்றும், பெண்களைத் தொழிலிலிருந்து விரட்டவே சூனியக் குற்றச்சாட்டு வந்தது என்றும் அடிக்கடி எழுதப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடைக்கால ஏல்காரிகள் கூம்புத் தொப்பி போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அந்தப் படம் நிலைபெற்றது பிந்தைய நூற்றாண்டுகளில். நம் தரப்புக்குச் சாதகமான கதை என்பதற்காகப் பொய்யை நாம் சுமக்க வேண்டியதில்லை. பெண்களைத் தொழிலிலிருந்து ஒதுக்க எப்போதும் தீ மூட்ட வேண்டியிருக்கவில்லை. கடன் மறுப்பும் ஒரு நகராட்சி ஆணையும் ஊர் சிரிப்பும் போதுமானதாக இருந்தன.

போர்ட்டரின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். 18ஆம் நூற்றாண்டில் லண்டனின் பெரும் பீர் ஆலைகள் போர்ட்டரால்தான் வளர்ந்தன. அவற்றில் ஒன்று சதக்கில் இருந்த ஆங்கர் ஆலை. உரிமையாளர் ஹென்றி த்ரேல். அவர் மனைவி ஹெஸ்டர் த்ரேலை இலக்கிய உலகம் டாக்டர் ஜான்சனின் தோழியாக அறியும். 1772இல் கணவர் ஒரு தவறான பரிசோதனையில் பணத்தைக் கொட்டி, ஆலை திவாலாகும் நிலைக்கு வந்தது. அப்போது ஹெஸ்டர் கர்ப்பிணி. தாயிடமும் நண்பர்களிடமும் கடன் புரட்டி, ஊழியர்களைச் சமாதானப்படுத்தி, ஆலையைக் காப்பாற்றியவர் அவர்தான். 1781இல் கணவர் இறந்தபின் ஆலை 1,35,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களின் பேரால் அது பார்க்ளே பெர்க்கின்ஸ் என்றானது. ஆலையை விட்டு விடுபட்டதில் ஹெஸ்டருக்கு மகிழ்ச்சிதான். அவரை பீர் உலகின் வீராங்கனை ஆக்க வேண்டாம். ஆனால் நெருக்கடியில் கை கொடுக்க மனைவி, பெயர்ப் பலகைக்கு ஆண் என்ற ஏற்பாட்டுக்கு அவர் நல்ல உதாரணம்.

இந்தியா பேல் ஏலுக்கும் இப்படி ஒரு பின்னணி உண்டு. கிழக்கு லண்டன் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்ஸன் ஆலையின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் போய் அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்றது. அந்த ஆலை வெற்றி பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் கடனுக்குச் சரக்குக் கொடுத்தது. ஓராண்டுக்கும் மேல் பணத்துக்குக் காத்திருக்கக்கூடியவர்களின் வியாபாரம் அது. வாசலில் கம்பு நட்டு அன்றாடம் விற்ற பெண்ணுக்கு அந்தச் சந்தையில் நுழையவே வழியில்லை.

அதற்காகப் பெண்கள் பீரை விட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பெர்மண்ட்ஸி, சதக், கிழக்கு லண்டன் ஏழைப் பெண்கள் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி கென்ட் மாவட்டத்துக்கு ஹாப்ஸ் பறிக்கப் போனார்கள். தகரக் கொட்டகையிலோ மரக் குடிசையிலோ வைக்கோலைப் பரப்பித் தூங்கி, விரலெல்லாம் கறுத்துக் கசக்கும்வரை பறித்தார்கள். கூலி மரக்கால் கணக்கில். கணவன்மார்கள் சனி, ஞாயிறு வந்து போவார்கள். 1950, 60களில் இயந்திரங்கள் வரும்வரை இது நடந்தது. தென் லண்டன் குடும்பங்கள் பலவற்றில் இது இன்றும் 'பாட்டி காலத்து விடுமுறை' என்றுதான் நினைவுகூரப்படுகிறது. பிள்ளைகளுக்கு அது விடுமுறையாக இருந்திருக்கலாம். பறித்து, சமைத்து, துவைத்து, மறுபடி பறித்தவளுக்கு அதை விடுமுறை என்று எப்படிச் சொல்வது?

ஊற்றிக் கொடுக்கவும் பெண்கள் இருந்தார்கள். ஆனால் உட்கார்ந்து குடிக்கும் உரிமை வேறு கதை. லண்டன் ஃப்ளீட் தெருவில் உள்ள 'எல் வினோ' மதுக்கூடத்தில், ஆண்களைப் போல நின்றபடி வாங்கிக் குடிக்கப் பெண்களை அனுமதிக்கவில்லை. வழக்கறிஞர் டெஸ் கில்லும் பத்திரிகையாளர் ஆனா கூட்டும் வழக்குப் போட்டு 1982இல் வென்றார்கள். இந்தியாவிலும் இதற்கு இணையான வழக்கு உண்டு. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற 1914ஆம் ஆண்டுப் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு டெல்லியில் நடைமுறையில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண்ணைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லி அவள் பிழைப்பைப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 1540இல் செஸ்டர் நகராட்சி சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதானே?

இதையெல்லாம் தமிழில் எழுதும்போது எனக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. நம் ஊரில் மது என்றால் பெண்ணுக்கு அது வேறு பொருள். சம்பள நாளில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, அடகுக் கடைக்குப் போன தாலி, இரவு வாங்கிய அடி. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னால் நின்றதும், 1992இல் நெல்லூர் துபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்ததும், இன்று டாஸ்மாக் வாசலில் பெண்கள் உட்கார்ந்து போராடுவதும் இந்த அனுபவத்திலிருந்து வந்தவை. லண்டன் ரயில் பாலத்தடியில் நான்கு டம்ளர் பீர் குடித்துவிட்டு, குடிப்பதுதான் விடுதலை என்று அந்தப் பெண்களிடம் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் மகளிர் கிண்ணம் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. இறந்த அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட நாட்களை ஔவை புறநானூற்றில் நினைத்து அழுகிறாள். அங்கே பெண், காய்ச்சுபவளாகவும் சபையில் ஒருத்தியாகவும் இருக்கிறாள். இன்றோ 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில். எவ்வளவு காய்ச்சுவது, எங்கே கடை திறப்பது, எப்போது மூடுவது என்று எதையும் பெண்கள் முடிவு செய்வதில்லை. விலையை மட்டும் அவர்கள் கொடுக்கிறார்கள். ஏல் கடை நடத்த உரிமை கேட்ட செஸ்டர் பெண்ணும், சாராயக் கடையை மூடச் சொன்ன துபகுண்டா பெண்ணும் எதிரெதிர்த் தரப்பு அல்ல. தங்கள் ஊரில் ஓடும் சரக்கைப் பற்றித் தங்களுக்கும் ஒரு சொல் உண்டு என்றுதான் இருவருமே கேட்கிறார்கள்.

பீர் தொழிலுக்குத் திரும்பி வந்திருக்கும் பெண்களும் அதையேதான் கேட்கிறார்கள். 2014இல் பிரிட்டனைச் சேர்ந்த சோஃபி டி ரோண்ட், பெண்கள் தினத்தையொட்டிப் பல நாட்டுப் பெண்கள் சேர்ந்து பீர் காய்ச்சும் நிகழ்வைத் தொடங்கினார். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் ப்ரியென் ஆலன், இந்தத் தொழிலில் சந்தித்த பாலினப் பாகுபாட்டைச் சொல்லுங்கள் என்று சமூக ஊடகத்தில் கேட்டார். சீண்டல், அவமதிப்பு, வன்முறை என்று அனுபவங்கள் வந்து குவிந்தன. கைவினை என்று பெயர் வைத்துக்கொண்ட புதிய தொழிலும் பழைய வீட்டு வழக்கத்தோடுதான் நடந்துகொண்டிருந்தது.

வரலாறு படிக்கும் மாணவியருக்கு ஒரு வேலை இருக்கிறது. பென்னட் அபராதப் பட்டியல்களைப் படித்தது போல, நம்மிடமும் படிக்க வேண்டிய தாள்கள் இருக்கின்றன. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குக் காலத்தின் கள்ளச்சாராய வழக்குகளில் பெண்களும் கைதானார்கள். எந்த ஊர், என்ன சாதி, வீட்டில் எத்தனை பிள்ளைகள், காய்ச்சியதில் அவள் கைக்கு எவ்வளவு வந்தது, முதல் போட்டவன் யார், மாட்டிக்கொண்டவள் யார் என்று அந்தத் தாள்களை யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். குற்றப் பட்டியல் என்று ஒதுக்கிவைத்த அந்தக் கட்டுகளில் நம் ப்ரூஸ்டர்களின் பெயர்கள் இருக்கும்.